கிழக்குத் தெருவின் எண்

சூளைப்பேட்டை
19.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வல்லி எழுதுகிறேன். நானும் உன் மாப்பிள்ளையும் நல்ல சுகம். பொங்கல் குறைவில்லாமல் கழிந்தது. குஜராத்தில் குளிர் கொல்கிறது என்று டிவியில் சொன்னார்கள். அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் காது?

காது என்றதும் முறைக்காதே. பொங்கலன்று போனில் நாம் கத்திய கத்தலில், அண்ணன் தங்கச்சிக்குள் ஏதோ வெட்டு குத்து என்று தெருவே கூடிவிட்டது. அரைக்கிற மெஷின் பக்கத்தில் இருபத்தைந்து வருஷம் நின்றவனிடம் போனில் பேசுவதும் சூளைச் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரல் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்கிறாய். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வார்டு உறுப்பினராகி மூன்று வருஷம் ஆகப் போகிறது. என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டியிருக்கிறது. ரோடு போட்டேன், பைப்பு போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஊர் தேவலையா என்று கேட்டால்? ஒருநாள் பீங்கான் கம்பெனியில், சரக்கு தரம் பிரிக்கிற சார்ட்டிங் மேசையில் உட்கார்ந்து ஃபியூஸ் கட்டைகளைக் குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. சூளை பிரித்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வொன்றாகத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் கழித்தது என்று பிரித்து, நல்லது இவ்வளவு, கழித்தது இவ்வளவு என்று சிலேட்டில் எழுதுகிறோம். அடுத்த சூளைக்கு அந்த எண் குறைய வேண்டும். வார்டுக்கு மட்டும் ஏன் சிலேட்டு இல்லை?

அங்கன்வாடிச் சுவரில் ஒரு கரும்பலகை அடித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் ஏழு தெருவும் நடந்து, தண்ணீர், விளக்கு, குப்பை, கால்வாய் என்று வீட்டுக்கு வீடு கேட்டு, எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குக் குறை என்று எழுதுகிறேன். முதல் வாரம் மொத்தம் இருநூற்று பதினாறு. பேரூராட்சி செயல் அலுவலர் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வார்டை நீங்களே இப்படிக் கேவலப்படுத்திக்கிறீங்களே" என்றார். "சார், கழிச்சதை எண்ணாதவன் சூளையை மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
அம்சவல்லி

*

மோர்பி
02.02.2025

அன்புத் தங்கை வல்லிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நான் நலம். உன் அண்ணி வெந்நீர்ப் பையும் கையுமாக நலம். காது வலது பக்கம் சுத்தம், இடது பக்கம் கொஞ்சம் மிச்சம். இங்கே வேலை கக்கூஸ் பீங்கான் பார்ப்பது. ஊரில் ஃபியூஸ் கட்டை, இங்கே கக்கூஸ். என் பதவி உயர்வைப் பார்.

உன் கரும்பலகைச் சங்கதியைப் படித்துச் சிரித்தேன். நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதே வார்டில் 2011-இல் பத்தொன்பது ஓட்டில் தோற்றவன் நான். அந்த யோசனை எனக்கு வராமல் போனதே என்று ஒருநாள் முழுக்க வயிற்றெரிச்சல். அதற்காக உன்னைக் கவுன்சிலர் என்று கூப்பிடுவேன் என்று மட்டும் நினைக்காதே. எனக்கு நீ மூக்கொழுகி வல்லிதான்.

ஒன்று சொல்கிறேன். எந்தத் தெருவாவது பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதே. இருபத்தைந்து வருஷம் சரக்கு பார்த்தவன் சொல்கிறேன், ஒன்றுகூடக் கழிபடாத சூளை கிடையாது. பார்த்தவன் தூங்கியிருப்பான்.

சாவி உன்னிடம்தானே இருக்கிறது. என் வீட்டை மாதம் ஒருமுறை திறந்து கூட்டுகிறாயா? முக்கியமாக வாசல்படி. என் கையால் ஒவ்வொரு டைல்ஸாகப் பார்த்துப் பதித்தது. வெள்ளை மங்காமல் இருக்கிறதா? மாப்பிள்ளையின் ஆட்டோவை அதன் மேல் ஏற்றக் கூடாது என்று சொல்.

அண்ணன்
தர்மராஜ்

*

சூளைப்பேட்டை
09.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை.

ஊரில் என்ன கூத்து என்று கேள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அங்கன்வாடி வாசலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலக் கூட்டம். பள்ளிவாசல் தெரு முப்பத்தெட்டிலிருந்து பதினொன்றுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துத் தோப்புத் தெருக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. "அவங்களுக்கு மட்டும் லைட்டு போட்டீங்களா" என்று சண்டைக்கு வந்தார்கள். "அவங்க எந்தக் கம்பம்னு நம்பரோட எழுதிக் குடுத்தாங்க, நீங்க இருட்டுன்னு மட்டும் சொன்னீங்க" என்றேன். மறுநாளே ஒன்பது கம்பத்து நம்பரும் வந்துவிட்டது. சூளைத் தெரு இருபதிலிருந்து ஆறு. ரயிலடித் தெரு முப்பத்திரண்டிலிருந்து பதினான்கு. மாரியம்மன் கோயில் தெரு ஏழு. பள்ளிக்கூடத் தெரு ஒன்பது. தோப்புத் தெரு பன்னிரண்டு.

உன் மாப்பிள்ளைக்குத்தான் தொல்லை. ஜங்ஷனில் சவாரிக்கு நின்றால் ஆளாளுக்கு மனு கொடுக்கிறார்களாம். "கவுன்சிலரு அவங்க, நான் ஆட்டோ. எங்கன்னா போவணும்னா ஏறுங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

உன் வாசல்படி பளபளவென்று இருக்கிறது. கூட்டி, துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அண்ணியை வெயில் வருவதற்குள் ஒருமுறை நல்ல டாக்டரிடம் காட்டு.

அம்சவல்லி

*

மோர்பி
23.03.2025

அன்புள்ள வல்லிக்கு,

சளி போய்விட்டதா? கஷாயம் வைத்துக் குடி, மாத்திரையைக் குறை. உன் அண்ணியை டாக்டரிடம் காட்டிவிட்டேன். நடக்கச் சொன்னார். என்னோடு நடக்க மாட்டாளாம், நான் சத்தமாகப் பேசுகிறேனாம்.

உன் கடிதத்தை இங்கே தமிழ் தெரிந்த இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். பள்ளிவாசல் தெருக்காரர்களுக்குக் கை தட்டினார்கள்.

ஆனால் வல்லி, வார்டில் தெரு ஏழு. நீ எழுதியது ஆறு. மூன்று தடவை விரல் விட்டு எண்ணினேன். கிழக்குத் தெரு எங்கே போயிற்று? நம் அப்பன் வீடு இருந்த தெரு, என் வீடு இருக்கிற தெரு. அதை எண்ணாமல் விட்டாயா, எண்ணி மறைத்தாயா? கழித்த தட்டை மேசைக்கடியில் தள்ளுகிற வேலை எனக்குத் தெரியாததா?

உள்ளதை உள்ளபடி எழுது.

தர்மராஜ்

*

சூளைப்பேட்டை
20.04.2025

அன்புள்ள அண்ணா,

சித்திரை பிறந்ததும் எழுத உட்கார்ந்தேன், ஒரு வாரம் ஓடிவிட்டது. உன் உடம்பும் அண்ணி உடம்பும் எப்படி? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீ கேட்டதால் எழுதுகிறேன். கிழக்குத் தெருவில் நாற்பத்தாறு வீடு. ஜனவரியில் முப்பத்தொரு வீட்டுக்குக் குறை. இன்றைக்கும் முப்பத்தொன்று. அசையவே இல்லை. பலகையில் ஒவ்வொரு வாரமும் அதே எண்ணை எழுதுகிறேன், உனக்கு மட்டும் எழுதவில்லை.

எல்லாம் கால்வாய்தான். மழை வந்தால் தண்ணீர் கால்வாயில் போக வழியில்லாமல் தெருவில் வழிந்து வீட்டுக்குள் வருகிறது. கடைசியில் பள்ளத்தில் இருக்கிறாளே விருத்தாம்பாள், என்னோடு எட்டாவது படித்தவள், ஜாக்கெட் தைக்கிறவள், அவள் வீட்டில் போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீர். தையல் மெஷின் மோட்டார் போய்விட்டது. தீபாவளிக்குத் தைக்க வாங்கிய துணியெல்லாம் சாக்கடை நாற்றம். மழை இருட்டினால் கட்டில் மேல் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

எஞ்சினியர் வந்து பார்த்தார். தெருவின் மேட்டுப் பக்கம் பதினோரு வீட்டு வாசல்படி கால்வாய்க்கு மேலே கட்டியிருக்கிறது, உள்ளே எங்கோ அடைத்திருக்கிறது, படிகளை எடுக்காமல் கையை உள்ளே விட முடியாது என்றார். புதுக் கால்வாய்க்கு உத்தரவும் வாங்கிவிட்டேன் அண்ணா. ஏழு தடவை நடந்து வாங்கினேன். செப்டம்பர் பதினைந்துக்குள் இடத்தைக் காலி செய்து கொடுத்தால் மழைக்கு முன்பு முடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வேலை வேறு வார்டுக்குப் போய்விடும்.

வீடு வீடாகப் போய்ப் பேசினேன். உன் பக்கத்து வீட்டு தாஜ் நிஷா அக்கா, "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்குறேம்மா" என்றார்கள். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். விருத்தாம்பாள் மட்டும் நடுத்தெருவில் நின்று, "ஏண்டி வல்லி, இந்தத் தெருவுல காவா மேல மொதல்ல படி கட்டுனது யாரு? அதைச் சொல்லு மொதல்ல" என்றாள். வெயிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நிலவரம் கேட்டாய், எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

வல்லி

*

சூளைப்பேட்டை
06.07.2025

அன்புள்ள அண்ணா,

என் கடிதம் கிடைத்திருக்கும். பதினோரு வாரம் ஆகிறது. அண்ணிக்குப் போன் போட்டேன், "இருக்காரும்மா, வேலைக்குப் போறாரு, வர்றாரு" என்று மட்டும் சொன்னார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் எழுதியது உன் மனதைக் குத்தியிருந்தால் மன்னித்துவிடு. நான் ஒன்றும் கேட்கவில்லையே அண்ணா, நிலவரம்தானே எழுதினேன். ஆனி மாதம் போய் ஆடி வரப்போகிறது. கவலைப்படாதே, வேறு வழி இருக்கிறதா பார்க்கலாம் என்று எஞ்சினியர் சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மற்றபடி நல்ல செய்திதான். பேரூராட்சிக் கூட்டத்தில் மற்ற வார்டுக்காரர்களும் பலகை வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வார்டு மொத்தம் இருநூற்று பதினாறிலிருந்து அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் கை தட்டும் சத்தம் காதில் ஏறவில்லை. அறுபத்தெட்டில் முப்பத்தொன்று ஒரே தெரு.

போன சனிக்கிழமை யாரோ பலகையில் கிழக்குத் தெரு எண்ணுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு படி வரைந்து வைத்திருந்தார்கள். அழித்துவிட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வல்லி

*

மோர்பி
10.08.2025

வல்லி,

நலம். உன் நலம் அறிந்துகொண்டேன்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் உன்னைத் திட்டினேன். இரண்டாவதில் விருத்தாம்பாளைத் திட்டினேன். மூன்றாவதில் திட்ட ஆள் கிடைக்கவில்லை, நான் ஒருவன்தான் பாக்கி இருந்தேன். அதனால் அதையும் கிழித்துவிட்டேன்.

கோபம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஓட்டு எண்ணித் தோற்ற மறுவாரம் கட்டிய படி அது. இந்தத் தெருவுக்குள் யார் வந்தாலும் முதலில் என் வீட்டைப் பார்க்கட்டும், இவனையா தோற்கடித்தோம் என்று நினைக்கட்டும் என்று கட்டினேன். கால்வாய் மேல் வருகிறது என்று கொத்தனார் சொன்னான். "வந்தா வரட்டும், யாரு கேக்கப் போறாங்க" என்றேன். நான் கட்டினேன் என்று தாஜ் நிஷா வீட்டில் கட்டினார்கள், அவர்கள் கட்டினார்கள் என்று அடுத்த வீடு. பதினோரு வீட்டுக்கும் நானே வழிகாட்டி. கவுன்சிலர் ஆகாமலேயே தெருவுக்கு நான் செய்த ஒரே காரியம் இதுதான் போலிருக்கிறது.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கடிதத்திலும் ஒரே ஒரு வரி நீ எழுதவில்லை. "அண்ணா, உன் படியை எடு" என்று. நீ கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லிச் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரத்தில் சரி என்றும் சொல்லியிருப்பேன். நீ கேட்காமல் விட்டதால் நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு மூன்றரை மாதம் பிடித்தது.

ஆகஸ்டு 30 சனிக்கிழமை ஜங்ஷனில் வந்து இறங்குகிறேன். நான்கு நாள் லீவு. ஜேசிபி, கீசிபி எதுவும் வரக் கூடாது. என் படி, என் கை. கடப்பாரை மட்டும் ஒன்று வாங்கி வை, பழசு வேண்டாம்.

தர்மராஜ்

*

சூளைப்பேட்டை
07.09.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பார். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நீங்களும் வந்திருக்கலாம். இங்கே நடந்ததை அண்ணன் உங்களுக்கு வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார் என்று தெரியும். அதனால் நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு நின்றுவிட்டார். தெருவே வேடிக்கை. முதல் குத்து போடும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை அண்ணி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பத்து குத்து ஆனதும் அவரே, "என்னடி, அழுவுறியா? புடிடி இந்தச் சிமெண்டை" என்று அதட்டினார். அப்புறம் சரியாகிவிட்டது.

டைல்ஸ் உரிந்து, சிமெண்டு உடைந்து, அடியில் என்ன தெரியுமா? ஃபியூஸ் கட்டை. மூக்கு உடைந்த கப்பு. கோணல் போன பொம்மை. கம்பெனியில் கழித்துப் போட்டதை இரண்டு வண்டி கொண்டுவந்து படிக்கு அடியில் நிரப்பியிருக்கிறார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதானே, பள்ளம் இருந்தால் பீங்கான் உடைசலைக் கொட்டுவது. கால்வாயின் பக்கச் சுவர் இடிந்ததும் அத்தனையும் உள்ளே சரிந்து விழுந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. மண்ணாக இருந்தால் கரைந்திருக்கும், மரமாக இருந்தால் மக்கியிருக்கும். ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்த சரக்கு எங்கே கரையும்?

அண்ணன் கால்வாய்க்குள் இறங்கி நின்று ஒரு கட்டையை எடுத்தார். "நான் கழிச்சதே என் தெருவை அடைச்சிருக்குதே" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பழக்க தோஷம், அதைக் கடப்பாரையில் லேசாகத் தட்டி நல்ல காதுப் பக்கம் வைத்துக் கேட்டார். கணீரென்று சத்தம். எங்களுக்கே கேட்டது. உடனே, "அடப்பாவி! இது நல்ல சரக்குடி வல்லி, தப்பாக் கழிச்சிருக்கேன்!" என்று கத்தினார் பாருங்கள், தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. தாஜ் நிஷா அக்கா சிரித்த சிரிப்பில் டீ டம்ளர் கைதவறிவிட்டது.

அக்கா அங்கேயே நின்று, வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்காரர் நைனா முகம்மது பாய்க்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள். அவர், "தர்மராஜு அண்ணனே ஒடைக்கிறாரா? அப்ப நம்மளதும் ஒடைச்சிருங்க, எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். அங்கே ஆரம்பித்தது. அன்றைக்கு ஆறு படி, மறுநாள் ஐந்து. ஒவ்வொரு படிக்கு அடியிலும் அதே பீங்கான் உடைசல். நாலு டிராக்டர் லோடு போயிற்று.

அண்ணி, ஒன்றை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள். படியை எடுக்கச் சொல்லி ஜூன் மாதமே பதினோரு வீட்டுக்கும் பேரூராட்சி நோட்டீஸ் தயார் ஆகிவிட்டது. அண்ணன் பெயருக்கு இருந்ததையும் என்னிடம்தான் கொடுத்தார்கள், வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறதே என்று. அதை பீரோவில் துணிக்கடியில் வைத்துவிட்டேன். எல்லாருக்கும் ஒன்றாகத்தான் கொடுப்பார்கள், அண்ணன் நோட்டீஸ் கையெழுத்தாகித் திரும்பாதவரை மற்றவர்களுக்கும் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வைத்திருந்தேன். கவுன்சிலராக நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

உங்கள் நாத்தனார்
அம்சவல்லி

*

மோர்பி
21.09.2025

அன்புள்ள அம்சவல்லிக்கு,

கமலம் எழுதுவது. எல்லாரும் நலம். மூட்டுவலி அப்படியேதான், ஆனால் இப்போது தினமும் நடக்கிறேன். உன் அண்ணன் கூட வருகிறார், மெதுவாகப் பேசுகிறார்.

நோட்டீஸ் சங்கதியைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் மட்டுமா படிக்கு அடியில மறைச்சேன், அவளும் துணிக்கடியில மறைச்சாளா" என்றார். அப்புறம் சிரித்தார். கோபம் இல்லை, பயப்படாதே.

அவர் உனக்குச் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஏப்ரலில் உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் போனில் அந்தப் படியின் போட்டோவை வைத்துப் பார்ப்பார், மூடுவார். ஜூனில் இரண்டு தடவை லீவு கேட்டார், கம்பெனியில் கொடுக்கவில்லை. லீவு கிடைக்காமல் உனக்கு எழுத மாட்டேன் என்று வீம்பு. "வர்றேன்னு எழுதிட்டு வராம போனா அவ மானம் போவும்" என்றார்.

இப்போது கம்பெனியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "மேரி பெஹன் கவுன்சிலர் ஹை" என்று, தன் தங்கை கவுன்சிலர் என்று, இந்தியில் பீற்றிக்கொள்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் எங்கே சொன்னேன், எழுதத்தானே செய்தேன்.

கால்வாய் வேலை எந்த மட்டில் இருக்கிறது? தினம் கேட்கிறார்.

கமலம்

*

சூளைப்பேட்டை
23.10.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தீபாவளி வாழ்த்து. அனைவரும் நலம். நீங்கள் அனுப்பிய புடவை வந்தது. நிறம் அண்ணி எடுத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

கால்வாய் வேலை பதினொன்றாம் தேதி முடிந்தது. மேலே தூக்கி வைக்கிற மாதிரி சிமெண்டு மூடி. மழை பிடித்துக்கொண்டது தீபாவளிக்கு முந்தின வாரம். ஒருநாள் முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே பேய் மழை. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று உன் மாப்பிள்ளை போன் போட்டார். அண்ணன் படியை உடைத்தும் தண்ணீர் நின்றுவிட்டால் ஊர் என்ன சொல்லும்? குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடை பாதி வழியில் திரும்பிக்கொண்டது, அதைத் தூக்கிக் கடாசிவிட்டு நனைந்துகொண்டே போனேன்.

தெரு முனையில் போய் நின்றேன். கால்வாய் நிறையத் தண்ணீர், குபுகுபுவென்று ஓடுகிறது அண்ணா. தெருவில் நிற்கவில்லை. தாஜ் நிஷா அக்கா வாசலில் நின்று, "ஓடுதும்மா, ஓடுது, நான் எட்டு மணியிலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று கத்தினார்கள். அங்கேயே நான்கைந்து பேர் நின்று சாக்கடையைப் பார்த்துக் கை தட்டினோம். பைத்தியக்காரக் கூட்டம் என்று பஸ்ஸில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் பயந்துகொண்டே பள்ளத்துக்கு இறங்கினேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. விருத்தாம்பாள் வீட்டை நெருங்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தையல் மெஷின். எட்டிப் பார்த்தேன். தரை காய்ந்து கிடக்கிறது. காலைக் கீழே வைத்து மிதித்து, தீபாவளி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"தண்ணி வரலையா விருத்தா?" என்றேன்.

"வந்தா தைப்பேனாடி?" என்றாள். பல்லில் கடித்து நூலை அறுத்தாள். "ஒங்க அண்ணன் வந்தா சொல்லு, அவருக்கு ஒரு சட்டை நான் சும்மாவே தைச்சுக் குடுக்குறேன்."

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளுக்குத் தாங்கவில்லை. "ஏய், இப்ப எதுக்குடி அழுவுற? அழுவுற நேரத்துல வேலையைப் பாரு. என் வூட்டு எதிர்ல இருக்குற கம்பத்து லைட்டு ரெண்டு நாளா கண்ணடிக்குது. கம்பம் நம்பரு நாப்பத்திரண்டு. பலகையில எப்ப எழுதப் போற?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் அவளாகவே என்னிடம் சொன்ன முதல் குறை அது அண்ணா. இவளிடம் சொன்னால் நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நனைந்த புடவையோடு அப்படியே அங்கன்வாடிக்குப் போனேன். முப்பத்தொன்று என்று இருந்ததைக் கையாலேயே அழித்தேன். சாக்பீஸ் எடுத்து, கிழக்குத் தெருவுக்கு நேராக ஒன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு எட்டி நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் குறையையும் எழுதியதில்லை.

உங்கள்
அம்சவல்லி